சின்னக்காவுக்கு எத்தனை இஞ்ச் சக்கரம்?

பதினெட்டாம் எண் பஸ்ஸில் முதன்முறை ஏறுகிறவர்கள் படியில் நின்று ஒரு நொடி திகைப்பது வழக்கம். ஸ்டியரிங் தெரியும், அதைப் பிடித்திருக்கும் இரண்டு கைகள் தெரியும், அதற்கு மேல் கொஞ்சம் தலைமுடி தெரியும். முகத்தைக் காண இன்னொரு படி ஏற வேண்டும். "ஏறுங்க, ஏறுங்க. பஸ் தானா ஓடாது, நான்தான் ஓட்டணும்" என்று அந்தத் தலைமுடிக்குக் கீழிருந்து ஒரு கணீர்க் குரல் வரும். அதுதான் சின்னக்கா.

உயரம் நாலடி பத்தங்குலம். வயது நாற்பத்தொன்பது. டிப்போவில் இருந்த நூற்றுச் சொச்சம் ஓட்டுநர்களில் அவளைவிடக் குள்ளமானவர் எவருமில்லை. அவள் ஓட்டிய, நடுவில் மடிப்பு வைத்த நீள பஸ்ஸைவிடப் பெரிய வண்டியும் அங்கே இல்லை. அந்த வண்டியை யாரும் அவள் தலையில் கட்டவில்லை. அவளே மேலாளரின் அறை வாசலில் நாலு நாள் நின்று கேட்டு வாங்கினாள். அவள் ஆறு பிள்ளைகளில் கடைக்குட்டி. சாப்பிடச் சின்னத் தட்டு, படுக்கச் சின்னக் கட்டில், பயணம் போனால் பதினைந்து வயதுவரை அரை டிக்கெட். ஆகவே வாழ்க்கையில் தானாகத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வந்தபோதெல்லாம் இருப்பதிலேயே பெரியதைக் கைகாட்டுவது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. கணவரைக்கூட அப்படித்தான் தேர்ந்தெடுத்தாள் என்று டிப்போவில் கேலி செய்வார்கள். மனிதர் ஆறடி இரண்டங்குலம்.

பதினெட்டாம் எண் பஸ்ஸின் கடைசி நிறுத்தம் ஒரு மலையடிவாரம். அங்கே போய்ச் சேர்ந்தால் திரும்பப் புறப்பட இருபத்தைந்து நிமிடம் இருக்கும். சின்னக்கா பிளாஸ்க்கைத் திறந்து தேநீர் ஊற்றிக்கொண்டு, எதிரே மரங்களுக்குள் நுழையும் மண்பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சைக்கிள்காரர்கள் சுத்தமாக உள்ளே போவார்கள், சேறாக வெளியே வருவார்கள். போகும்போது முகத்தை உம்மென்று வைத்திருந்தவர்கள்கூட வரும்போது வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டு வந்தார்கள். உள்ளே அப்படி என்னதான் கொடுக்கிறார்கள் என்று ஆறு வருடம் அவள் யோசித்தாள்.

ஒரு வியாழக்கிழமை அந்தச் சேற்றுக் கூட்டத்தில் ஒருத்தி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பஸ்ஸுக்கு வந்தாள். சங்கிலி அறுந்துவிட்டிருந்தது.

"இதை உள்ள ஏத்தலாமாங்க?"

"குழந்தைங்க தள்ளுவண்டி நிறுத்துற இடம் காலியாத்தான் இருக்கு. ஏத்துங்க. ஆனா சேறு என் பஸ்ஸுல ஒட்டுச்சுன்னா நீங்கதான் துடைக்கணும்."

அவள் துடைத்தாள். பஸ் புறப்பட இன்னும் பத்து நிமிடம் இருந்ததால் பேச்சு வளர்ந்தது. வந்தவள் ஒரு பல் டாக்டர். நாள் முழுக்கக் குனிந்து மற்றவர்கள் வாயைப் பார்த்துப் பார்த்து முதுகு போய்விட்டதாம். போன வருடம்தான் சைக்கிள் ஏறினாளாம்.

"உள்ள என்ன இருக்கு, டாக்டர்? எல்லாரும் சிரிச்சுக்கிட்டே வர்றீங்க?"

"சொன்னா புரியாதுக்கா. ஞாயித்துக்கிழமை வாங்க, காட்டுறேன்."

"என்கிட்ட சைக்கிள் இல்லியே."

"வாங்குங்க. மலைக்குன்னு தனியா வருது. சக்கரத்துலேயே மூணு சைஸ் இருக்கு. இருபத்தாறு இப்ப அவ்வளவா வர்றதில்ல. இருபத்தேழரை இஞ்ச், இருபத்தொன்பது இஞ்ச், இந்த ரெண்டுதான் பேச்சு. என்னுது இருபத்தொன்பது."

சின்னக்கா அந்தச் சக்கரத்தைப் பார்த்தாள். அது கிட்டத்தட்ட அவள் இடுப்புவரை வந்தது. அந்தக் கணமே மனதுக்குள் முடிவு செய்துவிட்டாள்: இருபத்தொன்பது.

ஆசைக்கு ஆதாரமும் அவளிடம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்குக் கொடுத்தது ஒரு மினி பஸ். சின்னச் சக்கரம். ரோட்டில் ஒரு குழி வந்தால் சக்கரம் அதற்குள் விழுந்து, எழுந்து, பயணிகளின் பல்லெல்லாம் கிடுகிடுக்கும். பெரிய பஸ்ஸுக்கு மாறிய பிறகு அதே ரோடு, அதே குழிதான். ஆனால் பெரிய சக்கரம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. டிப்போவில் முப்பது வருடமாக டயர் மாற்றும் 'டயர் அண்ணன்' இதைத் தரையில் சாக்பீஸால் வரைந்தே காட்டினார். ஒரே கல், அதன் முன்னால் ஒரு பெரிய வட்டம், ஒரு சின்ன வட்டம்.

"பாத்தியா சின்னக்கா? பெரிசு கல்லு மேல சாஞ்சு ஏறிடும். சின்னது போய் முட்டிக்கிட்டு நிக்கும். இருபத்தொன்பதே வாங்கு."

"அண்ணே, சின்னது சீக்கிரம் வேகம் எடுக்கும், சட்டுனு திரும்பும். அதையும் சொல்லுங்க" என்றார் ஒன்பதாம் எண் ஓட்டுநர்.

"அவங்க என்ன பந்தயத்துக்கா போறாங்க?"

"முதல்ல காலு தரையில எட்டணும், அதைப் பாருங்கப்பா" என்று மூன்றாவது ஆள் சொல்லப்போக, சின்னக்கா அவரைப் பார்த்த பார்வையில் அவர் தன் தேநீர்க் கோப்பையோடு வேறு மேசைக்கு நகர்ந்துவிட்டார். ஒரே வாரத்தில் டிப்போ இரண்டு கட்சியாகப் பிரிந்தது. சைக்கிளைத் தொட்டே இருபது வருடமானவர்கள்தான் அதிகமாகக் கத்தினார்கள்.

வீட்டிலும் அதே கதைதான். நாத்தனார் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். விசில் ஊதி ஊதி, போனிலும் அவளுக்கு அதே குரல்தான்.

"அண்ணி, நான் சொல்றதைக் கேளுங்க. உங்க உயரத்துக்கு இருபத்தேழரையே ஜாஸ்தி. எங்க ஸ்கூல் பசங்க ஓட்டுற இருபத்துநாலு இஞ்ச் பாருங்க, கச்சிதமா இருக்கும்."

"இருபத்துநாலு! எதுக்கு அதுவும்? மூணு சக்கர வண்டியே வாங்கிக் குடுத்துடேன், பின்னால நீ பிடிச்சுக்கிட்டு ஓடி வா."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், கணவர் தையல் மெஷினில் இருந்து தலையைத் தூக்காமல் சிரித்துக்கொண்டிருந்தார். திரைச்சீலை தைப்பது அவர் தொழில். வீட்டின் முன்னறை முழுக்கத் துணிச் சுருள்கள். பேச்சு குறைவு. கழுத்தில் எப்போதும் அளவு நாடா.

முதலில் போன கடையில் மானம் போனது. கடைக்காரர் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அதற்கு அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. பிறகு ஒரு வார்த்தை பேசாமல் குழந்தைகள் வரிசைக்கு நடந்து, கைப்பிடியில் பட்டாம்பூச்சி ஒட்டிய ஒரு ஊதா சைக்கிளை வெளியே இழுத்தார். சின்னக்கா அதன் மணியை ஒருமுறை 'ட்ரிங்' என்று அடித்துப் பார்த்தாள். "நல்லா இருக்குங்க. உங்களுக்குப் பொருத்தமா இருக்கும்" என்று சொல்லிவிட்டு வெளியேறினாள். வெளியே வந்து கொஞ்ச தூரம் நடக்கும்வரை காது இரண்டும் சூடாக இருந்தது.

இரண்டாவது கடை, ரயில் பாலத்துக்கு அடியில் இருந்த ஒரு நீளமான அறை. ரயில் போகும்போதெல்லாம் மேலே மாட்டியிருந்த சக்கரங்கள் லேசாகச் சுழலும். நடத்தியது ஒரு பெண். முழங்கைவரை கிரீஸ். வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துப் பேசும் பழக்கம் அவளுக்கு இல்லை, காலைப் பார்த்துத்தான் பேசினாள்.

"செருப்பைக் கழட்டிட்டுச் சுவரோட ஒட்டி நில்லுங்க."

ஒரு புத்தகத்தைச் சின்னக்காவின் கால்களுக்கு நடுவே மேலே ஏற்றி, தரையிலிருந்து அளந்தாள். "காலு இருபத்தஞ்சரை இஞ்ச். உயரத்தைவிட இதுதான் முக்கியம். நடு பாருக்கு மேல ரெண்டு இஞ்ச் இடம் இருக்கணும். இல்லேன்னா அவசரத்துக்குக் குதிக்கும்போது அடி படும். எங்கன்னு நான் சொல்ல வேண்டாம்."

"எனக்கு இருபத்தொன்பது வேணும்."

"ஏன்?"

"பெரிய சக்கரம் கல்லு மேல சுலபமா ஏறும்."

"ஏறும். அது சரிதான்." கடைக்காரி முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "இதுல கூடச் சின்ன ஃபிரேம் இருக்கு. ஏறி உக்காந்துடலாம். ஆனா ஃபிரேமைச் சின்னதாக்கலாம், சக்கரத்தைச் சின்னதாக்க முடியாது. அது அதே சைஸ்தான். உங்க பாதத்துக்கும் உக்கார்ற இடத்துக்கும் ரொம்ப கிட்ட வரும். வாங்க வேண்டாம். ஒரு ஞாயிறு இதை வாடகைக்கு எடுங்க, அடுத்த ஞாயிறு இருபத்தேழரையை எடுங்க. மலையே சொல்லிடும்."

"ரெண்டாவதுக்கு அவசியம் இருக்காது" என்றாள் சின்னக்கா.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏற்றம் பிரமாதமாகத்தான் இருந்தது. மரவேர்கள் குறுக்கே கிடந்தன. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதித்தாள், சக்கரம் அவற்றின்மேல் ஏறி இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது. சருகு மணமும் ஈர மண் மணமும் மூக்கில் ஏறின. தான் ஓட்டும் வண்டிக்குத் தானே என்ஜின் என்பது அவளுக்குப் புது அனுபவம். பாதி மலையில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அங்கே போய்ச் சேர்ந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பழக்க தோஷம்.

"இருபத்து மூணு நிமிஷம்."

"அக்கா, இது பஸ் இல்ல. நேரத்துக்குப் போகலேன்னா யாரும் கேக்கமாட்டாங்க" என்று டாக்டர் மூச்சிரைத்தபடி சொன்னாள்.

இறக்கத்தில்தான் வினை. பாதை கொண்டை ஊசி போல வளைந்து வளைந்து இறங்கியது. முதல் வளைவில் கைப்பிடியைத் திருப்பியதும் முன்சக்கரம் வந்து அவள் கால் விரலை முட்டியது. கால் தடுமாறி, வண்டி ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாகப் புதருக்குள் போனார்கள். இரண்டாவது வளைவில் அதே முட்டு, வேறு புதர். மூன்றாவது வளைவுக்குப் பிறகு பாதை செங்குத்தாக இறங்கியது. "பின்னால தள்ளி உக்காருங்க, இன்னும் பின்னால!" என்று டாக்டர் மேலேயிருந்து கத்தினாள். சின்னக்கா சீட்டை விட்டுப் பின்னால் நகர்ந்தாள். குட்டைக் கால்களுக்கு அங்கே அதிக இடம் இல்லை. சுழன்றுகொண்டிருந்த பின்சக்கரம் அவள் கால்சட்டையின் பின்புறத்தைப் பிடித்து, 'சர்ர்' என்று ஒரு நீளமான சத்தத்தோடு பாதியைத் தன்னுடன் எடுத்துக்கொண்டது.

பஸ் நிறுத்தத்துக்கு வரும்போது டாக்டரின் மேல்சட்டை சின்னக்காவின் இடுப்பில் கட்டியிருந்தது. அன்று பதினெட்டாம் எண்ணை ஓட்டி வந்தவர் டிப்போவில் எதிர்க்கட்சிக்காரர். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் சின்னக்காவுக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து கால்சட்டையைக் கணவரின் மேசையில் வீசினாள். அவர் கிழிசலை விரித்து, விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"நாயா?"

"இருபத்தொன்பது இஞ்ச்."

அவர் நூல் கோக்கத் தொடங்கினார். சின்னக்கா ஒரு துணிச் சுருளின்மேல் உட்கார்ந்து முழங்கைச் சிராய்ப்புக்கு மருந்து தடவிக்கொண்டே பொரிந்து தள்ளினாள். கடைக்காரி சரியில்லை, பாதை சரியில்லை, தான் பழகவில்லை, நாலு வாரம் ஓட்டினால் எல்லாம் சரியாகிவிடும். கடைசியில் மருந்தைக் கீழே வைத்தாள்.

"பிறந்ததுலேர்ந்து எல்லாமே எனக்குச் சின்னது. உனக்கு இது போதும், உனக்கு இது போதும்னு. இதுலயாவது பெரிசா ஒண்ணு வெச்சுக்கக் கூடாதா நான்?"

மெஷின் கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு நின்றது.

"நம்ம கட்டில்ல என் காலு எங்க இருக்கு?" என்று கேட்டார் கணவர்.

"வெளிய. எப்பவும் வெளியதான் நீட்டிக்கிட்டிருக்கும். அதுக்கென்ன இப்ப?"

"உன் பஸ்ஸுல ஏறினா முட்டியை எங்க வெக்கிறதுன்னு தெரியாம நின்னுக்கிட்டே வர்றேன். இந்த வீட்டு வாசப்படியில எத்தனை தடவை இடிச்சுக்கிட்டேன்னு நெத்தியைப் பாரு. சட்டையை நானே தச்சுக்கிறேன், கடையில என் கைக்கு நீளம் இல்ல. எனக்கு அளவா ஒரு பொருள் கடையில தயாரா இருந்து நான் பார்த்ததே இல்ல. உனக்கு அளவா ஒண்ணு அங்க நிக்குது. அதை ஏறிக்கூடப் பாக்காம சின்னது, சின்னதுங்கிற."

அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. அவருக்கே களைப்பாக இருந்திருக்க வேண்டும். உடனே குனிந்து மெஷினை மிதித்தார். கால்சட்டை திரும்பி வந்தபோது பின்புறத்தில் கனமான திரைத்துணியில் ஒரு ஒட்டு இருந்தது. பெரிய பெரிய சிவப்புப் பூக்கள்.

"வேற துணியே கிடைக்கலையா?"

"அதுதான் கிழியாது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் இருபத்தேழரையை எடுத்தாள். முழு மனதாக இல்லை. 'நாலு பேர் கேட்டா ஓட்டிப் பாத்துட்டேன்னு சொல்லலாம்' என்ற அளவில்தான். ஏற்றத்தில் அவள் எண்ணியதே நடந்தது. வேர்கள் ஒவ்வொன்றும் உள்ளங்கையில் தட்டித் தெரிந்தன. டாக்டர் முன்னால் போய்விட்டாள். தொட்டிக்கு வர இருபத்தைந்து நிமிடம். "பாத்தீங்களா, ரெண்டு நிமிஷம் லேட்டு" என்று சின்னக்கா ஒருவிதத் திருப்தியோடு அறிவித்தாள்.

பிறகு இறங்கினார்கள். முதல் வளைவில் போன வாரத்தை நினைத்துக் கால் விரலைச் சுருக்கிக்கொண்டு முட்டுக்காகக் காத்திருந்தாள். முட்டு வரவில்லை. வண்டி சொன்ன பக்கம் திரும்பி, அடுத்து எங்கே என்று கேட்பதுபோல் ஓடியது. இரண்டாவது வளைவில் அவள் பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்தினாள். செங்குத்தில் பின்னால் நகர்ந்தபோது சக்கரத்துக்கும் சிவப்புப் பூக்களுக்கும் நடுவே தாராளமாக இடம் இருந்தது. ஐந்தாவது வளைவில் அவள் எண்ணுவதை நிறுத்திவிட்டாள். இருபத்துநாலு வருடம் அறுபதடி பஸ்ஸைக் குறுகலான தெருமுனைகளில் வளைத்த கண் அது. எங்கே பார்க்க வேண்டும், எப்போது திருப்ப வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. போன வாரம் சக்கரம் காலை இடிக்காமல் இருக்கப் படாதபாடு பட்டதில் அந்தக் கண்ணுக்கு வேலையே கிடைக்கவில்லை. அவ்வளவுதான்.

இன்னும் சில வளைவுகள் கழித்து டாக்டரைத் தாண்டினாள். "ஓரம், ஓரம்!" என்று அவள் போட்ட சத்தத்தில் டாக்டர் மட்டுமல்ல, கீழே வந்துகொண்டிருந்த இரண்டு ஆண்களும் பாதையை விட்டு ஒதுங்கினார்கள். அடிவாரத்துக்கு வந்து, வண்டியைச் சாய்த்து, இரண்டு காலையும் அழுத்தமாகத் தரையில் ஊன்றி நின்று மணி பார்த்தாள். ஏழு நிமிடம். நாலு நிமிடம் கழித்து டாக்டர் வந்தாள். அவளைக் கண்டதும் சின்னக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், அது அடங்குகிற ரகமாக இல்லை.

அன்றே ரயில் பாலத்துக்கு அடியில் போனார்கள்.

"முன்னால இருபத்தொன்பது, பின்னால இருபத்தேழரை போட்டும் வண்டி வருது" என்றாள் கடைக்காரி, காலைப் பார்த்தபடி. "கல்லுக்கு முன்சக்கரம் உதவும், பின்னால இடமும் கிடைக்கும். வேணும்னா வரவழைச்சுத் தர்றேன்."

"அக்கா முன்னால, தங்கச்சி பின்னாலயா? வேண்டாங்க. இது ரெண்டும் ஒரே வயித்துப் பிள்ளைங்களாவே இருக்கட்டும்" என்றாள் சின்னக்கா. ஓட்டிவந்த வண்டியையே கேட்டாள். புதிதாக எடுத்துத் தருவதாகக் கடைக்காரி சொல்லியும் கேட்கவில்லை. சேறு காயாத அதே வண்டிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை டிப்போவில் செய்தி பரவியதும் எதிர்க்கட்சி ஒரு பாட்டில் சோடா உடைத்துக் கொண்டாடியது. டயர் அண்ணனுக்கு முகம் தொங்கிவிட்டது. அவரைத் தனியாக அழைத்துச் சின்னக்கா உண்மையைச் சொன்னாள்: "நீங்க வரைஞ்ச படத்துல தப்பில்லண்ணே. ஏத்தத்துல டாக்டர் இன்னும் எனக்கு முன்னாலதான் போறாங்க. கல்லு வந்தா என் கை அதிரத்தான் செய்யுது. ஆனா உங்க படத்துல சக்கரமும் கல்லும் மட்டும் இருந்துச்சு. மேல உக்கார்ற ஆளை நீங்க வரையல." அவர் உடனே டயருக்குக் காற்று எவ்வளவு அடிக்க வேண்டும் என்று ஒரு புதிய விவாதத்தைத் தொடங்கினார்.

அதன்பிறகு ஓய்வு நாள் ஞாயிற்றுக்கிழமையில் விழும் வாரங்களில் சின்னக்காவை வீட்டில் பார்க்க முடியவில்லை. தொட்டியைத் தாண்டிப் போனார்கள், தொட்டிக்கு மேலே இருந்த பழைய கல் குவாரியைத் தாண்டிப் போனார்கள். மழைக்காலம் முடிந்த ஒரு காலையில் மலையின் முதுகுவரை ஏறிவிட்டார்கள். இரண்டு பக்கமும் பள்ளத்தாக்கு. கீழே பஸ் ஒன்று எறும்பு போல ஊர்ந்து போனது. அது நாலு நிமிடம் தாமதமாகப் போகிறது என்பதை இவ்வளவு உயரத்திலிருந்தே கண்டுபிடித்துவிட்டதில் சின்னக்காவுக்குத் தன்மேலேயே சிரிப்பு வந்தது. தலையைப் பின்னால் சாய்த்து, காடே கேட்கும்படி வாய்விட்டுச் சிரித்தாள்.

ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்த டாக்டர் சட்டென்று மெல்லுவதை நிறுத்தினாள்.

"அக்கா, அப்படியே இருங்க. வாயை மூடாதீங்க."

"ஏன், என்ன ஆச்சு?"

"மேல் வரிசையில, இடது பக்கம், கடைவாய்ப் பல்லு. நல்ல பெரிய சொத்தையா இருக்கு. செவ்வாக்கிழமை காலையில வாங்க."

சின்னக்கா செவ்வாய்க்கிழமை சைக்கிளிலேயே போனாள். வாய் நிறையப் பஞ்சு வைத்திருந்தபோதும் குவாரி வளைவை எப்படி எடுப்பது என்பதைக் கையாலேயே விளக்கிக்கொண்டிருந்தாள். அதனால் அரை மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை ஒரு மணி நேரம் பிடித்தது.